எந்திரத்துக்குக் காப்பு

1971-ஆம் வருஷம் தியாகராய நகர் உஸ்மான் சாலையில், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒரு பெருங்கூட்டம் பட்டுப்புடவைக் கடைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது என்றால், அது புடவை வாங்கப் போகிற கூட்டம் அல்ல. விரலைக் காப்பாற்றிக்கொள்ளப் போகிற கூட்டம்.

உஸ்மான் சாலையை ஒட்டி ஒரு சந்து. சந்தின் கடைசியில் சண்முகசுந்தரம் அண்ணாச்சியின் எவர்சில்வர் பட்டறை. மற்ற நாட்களில் அங்கே டம்ளரும் தூக்குவாளியும் செய்வார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் அது கோயில். மூலஸ்தானத்தில் மூன்றாம் நம்பர் பிரஸ் எந்திரம். ஆள் உயரம். சிவப்புப் புடவை சுற்றி, எலுமிச்சம்பழ மாலை சாத்தி, நெற்றி என்று நினைக்கத்தக்க இடத்தில் குங்குமம் அப்பியிருந்தார்கள். திருநாமம் எந்திரத்தம்மன். நெற்றிக்கு மேலே 'லூதியானாவில் செய்தது' என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது. வடநாட்டு அம்மனுக்குத் தமிழ் மந்திரம் புரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

வந்தவர்களைப் பார்க்க வேண்டுமே! சிந்தாதிரிப்பேட்டை லேத்துப் பட்டறைக்காரர்கள், அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர்கள், கோடம்பாக்கத்து ஸ்டூடியோவில் விளக்குப் பிடிக்கிறவர்கள். மயிலாப்பூரிலிருந்து அனந்தராமன் என்ற ஆபீஸ் குமாஸ்தா, தன் டைப்ரைட்டரை ரிக்ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"டைப்ரைட்டரு கூடவா வெரல வெட்டும், மாமா?" என்று கேட்டான் வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற கனகராஜ். கோடம்பாக்கத்து லைட்மேன்.

"வெட்டாதுப்பா. ஆனா நாள் பூரா விரலாலதானே தட்டிண்டிருக்கேன்? எதுக்கும் ஒரு காப்பு கட்டிண்டு வந்துடுங்கோன்னு ஆத்துல சொன்னா."

மேளம் முழங்கியது. ஸ்ரீலஸ்ரீ எந்திர சித்தர் எழுந்தருளினார். தாடி மார்பை மூடியிருந்தது. விபூதி மற்றதை மூடியிருந்தது.

"எந்திரம் என்றால் இரண்டு!" என்று முழங்கினார். "தகட்டிலே வரைவதும் எந்திரம். கரண்டிலே ஓடுவதும் எந்திரம். கையிலே இதைக் கட்டினால், கண்ணெதிரே அது அடங்கும்!"

கூட்டம் சொக்கிப்போயிற்று. எவ்வளவு பெரிய தத்துவம்! இந்தக் கணக்கில் பார்த்தால், கழுத்தில் மாலையைப் போட்டவுடன் பொழுது சாய்ந்துவிட வேண்டும். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்?

மேஸ்திரி வெள்ளைச்சாமி மோட்டாரைப் போட்டார். எந்திரத்தின் பெரிய சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. தரை அதிர்ந்தது. சித்தர் வலது கையை நீட்டி, இரும்புத் தலை இறங்குகிற இடத்தில் நேரே அடியில் வைத்தார். மேஸ்திரி காலால் மிதியை ஓங்கி மிதித்தார். மற்ற நாளில் அந்த மிதி அழுந்தினால் போதும், தலை டொக்கென்று இறங்கி எவர்சில்வர் தகட்டை டம்ளராக்கிவிடும். இப்போது இறங்கவில்லை. இரண்டாவது மிதி. மூன்றாவது மிதி. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தலை அசையவில்லை.

"அம்மா அடங்கிட்டாடோய்!"

குலவை பறந்தது. பிறகு காப்பு விற்பனை. கறுப்புக் கயிற்றில் கோத்த, நகத்தளவு தாமிரத் தகடு. கைலாச மலைக் குகையில் சித்தர் தவமிருந்தபோது அம்மனே அள்ளிக் கொடுத்ததாம்.

அந்தக் கைலாசத்தைச் சுலோச்சனாவுக்கு நன்றாகத் தெரியும். அது பட்டறையின் பின்கட்டு. அவள் அங்கே பாலிஷ் போடுகிறவள். முந்தின சனிக்கிழமைதான் அதே மூன்றாம் நம்பர் எந்திரத்தில் அந்தத் தகடுகளைக் குவியல் குவியலாக அடித்துத் தள்ளினார்கள். புளியும் சாம்பலும் போட்டு அவற்றைப் பளபளவென்று தேய்த்தவளே அவள்தான். அவள் மணிக்கட்டிலும் ஒன்று தொங்கியது. ஏன் கட்டிக்கொண்டாள்? எல்லாரும் கட்டினார்கள், கட்டினாள். தேய்த்தது நாமென்றால் என்ன, மந்திரத்தை அப்புறந்தானே ஏற்றுகிறார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம்மில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான்.

இந்தக் கூத்து ஆரம்பித்த கதை இன்னும் ருசியானது.

எந்திரம் வாங்கியபோது அதன் வாய்க்கு முன்னால் ஒரு கம்பிவலை இருந்தது. கை உள்ளே போகாது. தகட்டை மட்டும் ஒரு சந்து வழியாகக் குறட்டால் தள்ள வேண்டும். ஒரு ஆயுதபூஜையன்று சந்தனம் பூச வசதியாக மேஸ்திரி அந்த வலையைக் கழற்றினார். மறுநாள் மாட்ட மறந்துபோனார். வலை இல்லாமல் கையாலேயே தகட்டை வைத்து எடுத்ததில், சாயங்காலத்துக்குள் இருநூறு டம்ளர் கூடுதலாக இறங்கிற்று. அதற்கப்புறம் மறதி நிரந்தரமாகிவிட்டது.

நான்கு மாதம் கழித்து அப்துல் வஹீதின் வலது கையில் இரண்டு விரல் போயிற்று. பதினெட்டு வருஷம் பிரஸ் எந்திரத்தோடு பழகிய ஃபிட்டர் அவர். சர்க்காரிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தார். போனார். கடிதம் வந்தது.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட கடிதம் இங்கிலீஷில் வரும். அண்ணாச்சி யாரிடமாவது கொடுத்து அர்த்தம் கேட்பார். இப்போது ஆபீஸ்களில் தமிழ் வந்துவிட்டதால் தாமே படித்தார். அதுதான் வினையாயிற்று. 'இயந்திரம் எண் மூன்றுக்குத் தக்க காப்பு இடப்படல் வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"என்னவே வெள்ளைச்சாமி, சர்க்காரே காப்பு கட்டச் சொல்லுதான்!"

"நம்ம ஊருல கோயில் கொடைக்குக் கட்டுவோம்லா அண்ணாச்சி, அந்தக் காப்புதான்."

"இத்தனை வருசமா வரி கட்டுதோம். இப்பந்தான் உருப்படியா ஒண்ணு சொல்லியிருக்கான்."

அண்ணாச்சிக்கு நிஜமாகவே புரியவில்லையா என்று என்னைக் கேட்காதீர்கள். கம்பிவலை மாட்டினால் எத்தனை டம்ளர் குறையும் என்று தெரிந்த மனிதர். எந்த அர்த்தம் வசதியோ அந்த அர்த்தத்தில் தமிழ் படித்தார். காப்புக் கட்ட ஆள் தேடினார்கள், சித்தர் கிடைத்தார். கடிதத்தைக் கண்ணாடி போட்டு, பூமாலை சார்த்திச் சுவரில் மாட்டினார்கள். சர்க்கார் முத்திரை தெரிகிற மாதிரி. 'அரசாங்கமே ஒப்புக்கொண்ட சாமி' என்று சித்தர் பேர் சைதாப்பேட்டை வரை போயிற்று.

அப்துல் வஹீதை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். நஷ்ட ஈடு? "அம்மன் காவு எடுத்துட்டா, நான் என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. வழக்குப் போட வேண்டுமென்றால் லூதியானாக்காரி மேல்தான் போட வேண்டும்.

சரி, காப்புக் கட்டிய பிறகாவது விரல்கள் பிழைத்தனவா? ஆடி மாதம் காப்புக்குக் கிராக்கி அதிகமானது. தகடு தகடாக அடித்துத் தள்ளினார்கள். அந்த அவசரத்தில் ஜவஹர் என்கிற வாலிபனின் ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. விரலைக் காக்கிற தகட்டை அடிக்கும்போதே போயிற்று. அவன் மணிக்கட்டில் காப்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லாமல்.

சித்தர் கண்ணை மூடிச் சொன்னார். "வெள்ளிக்கிழமை கருவாடு தின்றிருக்கிறான்."

ஜவஹர் தின்றது வாஸ்தவம். அதே வெள்ளிக்கிழமை மெட்ராஸில் கருவாடு தின்ற லட்சம் பேருக்கு விரல் பத்திரமாக இருந்ததும் வாஸ்தவம். முதல் வாஸ்தவத்துக்கு எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இரண்டாவதை யாரும் நினைக்கவில்லை. அடுத்த வாரம் கூட்டம் இரண்டு மடங்காயிற்று.

ஜவஹர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஊருக்குப் போய்விட்டான். மூன்றாம் நம்பர் காலியாகிவிட்டது. சனிக்கிழமை மேஸ்திரி சுலோச்சனாவிடம் வந்தார்.

"புதன்கிழமையிலேருந்து நீ மூணாம் நம்பர்ல உக்காரு."

சுலோச்சனா கைகளை விரித்துப் பிடித்தாள். தன் விரல்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பவள் போலப் பார்த்தாள். சோறு பிசைய, தலை பின்ன, ஊசியில் நூல் கோக்க, கோபம் வந்தால் நெட்டி முறிக்க, எல்லாவற்றுக்கும் இந்தப் பத்துதான். பதினொன்றாவது கிடையாது. மணிக்கட்டில் தொங்கிய காப்பைப் பார்த்தாள். அவள் போட்ட பாலிஷ்தான் அதில் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

நேரே அண்ணாச்சியிடம் போனாள்.

"அண்ணாச்சி, அந்தக் கம்பிவலைய மாட்டிக் குடுங்க. நான் உக்கார்றேன்."

"வலை எதுக்கும்மா? அம்மன் மொகத்துக்கு முன்னால திரை போடலாமா? அதான் காப்பு இருக்குல்லா?"

"ஜவஹரும்தான் கட்டினு இருந்தான்."

"அவன் கருவாடு தின்னான்."

"நானும்தான் துன்னுவேன். கூவத்தாண்ட குடிசயப் போட்டுக்கினு வேற இன்னா துன்றது?"

"அப்பம் விட்டுரு."

"கருவாட்டயா, வேலயயா அண்ணாச்சி?"

"ஒனக்கு எது சௌகரியமோ அதை விடும்மா."

வேலையை விட்டால் அவள் சிந்தாதிரிப்பேட்டைக் குடிசையில் அடுப்பு எரியாது. அவள் வெளியே வந்தாள். வாசலில் அப்துல் வஹீத் இடது கையால் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். இடது கைக்கு அது இன்னும் பழகவில்லை.

"பாய், ஒண்ணு கேக்கறேன். எங்க கைன்னா எறங்குது. சாமி கைய வெச்சா மட்டும் ஏன் எறங்கல?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இத்தினி நாளா இந்தப் பட்டறையில ஒர்த்தனும் கேக்கலமா. நீதான் மொத ஆளு."

"நீ ஏன் சொல்லல?"

"நான் சொன்னா, பாய் நம்ம சாமியக் கிண்டல் பண்றான்னு கலாட்டா ஆயிடும். எனக்கு பொண்டாட்டி புள்ளைங்க கீது." குரலைத் தாழ்த்தினார். "மிதிக்கும் சக்கரத்துக்கும் நடுவுல, பின்னால ஒரு கம்பி போவுது. அதுல ஒரு கொக்கி. கொக்கியக் கயட்டி வுட்டுட்டா நீ மிதி மேல ஏறி டான்ஸ் ஆடுனாலும் தல எறங்காது. சக்கரம் மட்டும் சும்மா சுத்தும். அச்சு மாத்தறப்போ நாங்க அப்பிடித்தான் கயட்டிட்டு கைய உள்ள வுடுவோம். எனக்குத் தொயில்ல மொதமொதல்ல சொல்லிக் குடுத்ததே அதான்."

"அப்போ சாமி…"

"சாமி வர்றதுக்கு முன்னாடி மேஸ்திரி பின்னால சூடம் ஏத்தப் போறாரே, பாத்திருக்கியா? அம்மன் மொகம் முன்னால கீது. பின்னால எதுக்கு சூடம்?"

சுலோச்சனா எந்திரம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வந்தது பாருங்கள் கோபம்.

"சாமி கைக்கு மட்டும் கொக்கியக் கயட்டுவானுங்க. எங்க கைக்குக் கயிறா?"

சுலோச்சனா எந்தக் கூட்டத்துக்கும் போய்ப் பகுத்தறிவு கற்றவள் அல்ல. பத்து விரல் மேல் ஆசை வைத்தவள், அவ்வளவுதான். சில சமயம் அதுவே போதும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமான கூட்டம், வழக்கமான மேளம். காப்பின் மகிமை டைப்ரைட்டரில் சரியாகத் தெரியவில்லை என்று அனந்தராமன் இரண்டாவது காப்புக்கு வந்திருந்தார். மேஸ்திரி பின்னால் சூடம் ஏற்றிவிட்டு வந்தார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சித்தர் கூட்டத்தைப் பார்த்தார். எந்த மாயக்காரனுக்கும் ஒரு நாள் ஆசை அதிகமாகிவிடும். அவருக்கு அன்று அதிகமாயிற்று.

"நாளை முதல் இந்த அம்மாள் இங்கே அமரப் போகிறாள். இன்று அவளே மிதிக்கட்டும். பெண்ணுக்குப் பெண் அடங்குவதைப் பாருங்கள்!"

சுலோச்சனா பயபக்தியோடு முன்னால் வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அம்மனை விழுந்து கும்பிட்டாள். எழுந்து, பிரதட்சிணம் வருவது போல எந்திரத்துக்குப் பின்னால் போனாள்.

"ஏ, எங்க போறே?" என்றார் மேஸ்திரி.

"பின்னாலயும் கும்புடறேன் மேஸ்திரி. நீங்க மட்டுந்தான் கும்புடணுமா?"

'க்ளிக்' என்று ஒரு சின்னச் சத்தம். சுற்றி முன்னால் வந்தவள், வாசலில் இருக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"சாமி, பின்னால ஒரு கொக்கி கயண்டு தொங்கினு இருந்துச்சு. மாட்டி வுட்டுட்டேன். இப்ப கைய வைங்க, மிதிக்கறேன்."

பாதி தூரம் போயிருந்த சித்தரின் கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"அம்மன் இன்று உக்கிரமாக இருக்கிறாள். உத்தரவில்லை."

"கொக்கியக் கயட்டுனா சாந்தம், மாட்டுனா உக்கிரமா?" என்றாள் சுலோச்சனா. "சரி, உங்க கை வேணாம். இதுக்கு ஒரு காப்பு கட்டிக் குடுங்க."

பையிலிருந்து எடுத்தாள். ஐந்து வெண்டைக்காய். நூலால் அடியில் சேர்த்துக் கட்டி, அச்சாக ஒரு கை போலவே இருந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சித்தர் வெண்டைக்காய்க்குக் காப்புக் கட்ட மறுத்தார். ஆனால் அனந்தராமனுக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"இந்தாம்மா, அவர் கையாலேயே மந்திரிச்சுக் குடுத்தது. இதைக் கட்டிப் பாரு. எனக்கும் தெரிஞ்சாகணுமே!" என்று தம் காப்பையே அவிழ்த்து வெண்டைக்காயின் மணிக்கட்டில் கட்டினார்.

சுலோச்சனா எல்லாரையும் நாலடி தள்ளி நிற்கச் சொன்னாள். வெண்டைக்காய்க் கையைக் குறட்டால் பிடித்து உள்ளே வைத்தாள். குறட்டை எடுத்தாள். மிதித்தாள்.

டொக்.

வெண்டைக்காய் இருந்த இடத்தில் பச்சையாகக் கொழகொழவென்று ஒரு விழுது இருந்தது. தாமிரத் தகடு காகிதமாகியிருந்தது. விதைகள் சித்தரின் விபூதியிலும் தாடியிலும் தெறித்து ஒட்டின. தங்கள் கை அங்கே இருந்திருந்தால் என்று ஒவ்வொருவரும் நினைத்துப் பார்த்தார்கள். அந்தப் பட்டறையில் யோசனை என்ற ஒன்று நடந்தது அப்போதுதான்.

"அதற்கு… பக்தி போதவில்லை" என்று முனகினார் சித்தர்.

"வெண்டக்கா வெள்ளிக்கெயம கருவாடு துன்னுச்சா, சாமி?"

சிரிப்பு வெடித்தது. விதையைத் துடைக்கப் போன சித்தரின் கையோடு தாடியின் ஒரு பக்கமும் பெயர்ந்து வந்தது. கனகராஜ் முன்னால் பாய்ந்து தாடியைப் பிடித்தான்.

"யோவ்! நீ எங்க ஃப்ளோருல புராணப் படத்துக்கு வரிசையா நிக்கிற முனிவருல ஓரத்து ஆளுதானே? அது கம்பெனி தாடிய்யா! மேக்கப்காரரு மூணு மாசமா தேடிக்கினு கீறாரு!"

ஸ்ரீலஸ்ரீ எந்திர சித்தர் அப்போது காட்டியதுதான் உண்மையான அற்புதம். அந்த உடம்போடு அந்த நெரிசலில் அவ்வளவு வேகமாக ஒரு மனிதர் ஓட முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. தாடி மட்டும் கனகராஜிடம் நின்றது.

"நானும்லா ஏமாந்துட்டேன்!" என்று தலையில் கைவைத்தார் அண்ணாச்சி.

"கொக்கியக் கயட்டினது சாமி இல்ல அண்ணாச்சி, உங்க மேஸ்திரி" என்றாள் சுலோச்சனா. "அவருக்குச் சொன்னது யாரு?"

மேஸ்திரி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். அங்கே மாலையோடு சர்க்கார் கடிதம் தொங்கியது. அனந்தராமன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதன் அருகில் போனார். கடிதம் படிப்பது அவர் தொழில்.

"ஓய், காப்புன்னா கையில கட்டற கயிறு இல்லை ஓய். எந்திரத்துக்கு முன்னாடி போடற தடுப்பு! விரல் உள்ள போகாம இருக்க! தெளிவா எழுதியிருக்கானே. இதுக்குப் போய் மாலை போட்டு வெச்சிருக்கேளே!"

அன்று பட்டறையில் ஒரு எந்திரமும் ஓடவில்லை. வலை வராமல் மிதியில் கால் வைப்பதில்லை என்று அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். வலை எங்கே? மேஸ்திரி இழுத்தார், மென்றார், கடைசியில் சொன்னார். மாம்பலத்தில் அண்ணாச்சி வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறதாம். காயப்போட்ட மோர்மிளகாயைக் காக்கை கொத்தாமல் இருக்க, அதைப் போட்டு மூடியிருந்தார்களாம். இரண்டு பேர் போய்த் தூக்கி வந்தார்கள். மோர் வாசனை அடித்தது. அத்தனை நாளில் ஒரு மிளகாயைக்கூடக் காக்கை தொட்டதில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொன்னார்களாம். மிளகாய்க்கு வலை போட்டவர்கள்தான் மனிதனுக்குக் கயிறு கட்டினார்கள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வலையை மாட்டியது அப்துல் வஹீத். ஸ்பேனர் இரண்டு தரம் அவர் கையிலிருந்து நழுவியது. மூன்றாம் தரம் சுலோச்சனா பிடித்துக்கொண்டாள், அவர் முடுக்கினார். போன விரலை எந்த வலையும் கொண்டுவராது. அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அண்ணாச்சிக்கும்.

"இப்ப குந்துமா" என்றார் வஹீத். "இப்ப அது எறங்கினா தகட்டு மேலதான் எறங்கும்."

புதன்கிழமை சுலோச்சனா மூன்றாம் நம்பரில் உட்கார்ந்தாள். டம்ளர் இருநூறு குறைந்தது. விரல் ஒன்றும் குறையவில்லை.

கூட்டம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பாதிப் பேர் திருந்தினார்கள். மீதிப் பேர் அடுத்த செவ்வாய்க்கிழமை அடையாற்றுப் பக்கம் போனார்கள். அங்கே ஒருவர் பிரேக் இல்லாத லாரிக்கு எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தருகிறாராம். இவர் தாடி நிஜத் தாடியாம்!

விரல்விட்டு எண்ணச் சொன்னால் அப்துல் வஹீதுக்கு எட்டோடு முடிந்துவிடுகிறது. உங்களிடம் பத்தும் இருக்கிறதல்லவா? இருக்கும்போதே கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.